அர்கெனின் கால் கயிறு

குபாத் நடந்து போனதைப் பார்த்தேன் என்று கோக்-சாய் கிராமத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் மினிபஸ் டிரைவர். காலையில் கிராமத்திலிருந்து கரகோல் டவுனுக்கு, மத்தியானம் கரகோலிலிருந்து கிராமத்துக்கு, மறுபடியும் ஒரு நடை. சாயந்திரம் வண்டியை வாசலில் நிறுத்தினால், அங்கிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் போய் உட்காருகிற தூரம்தான் அவன் ஒரு நாளில் நடக்கிற தூரம். வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கும். "ஹாரன் அடிக்க எங்க வீட்டுக்காரருக்குக் கையே தேவையில்ல" என்பாள் அவன் பெண்டாட்டி.

அப்பேர்ப்பட்டவன் ஆகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மலைமேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கிற மூன்று ஏரிகளையும் நடந்தே ஏறப்போகிறேன் என்று புதுப் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஒரு மாதமாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்தது. கரகோல் பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏறுகிற நேரத்தில் அவன் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்து பழகியதை மற்ற டிரைவர்கள் பார்த்துவிட்டார்கள். "என்னப்பா, நாலு டயரும் இருக்கான்னு எண்ணறியா?" என்று ஒருத்தன் கேட்டான். குபாத் இன்னொரு சுற்று சுற்றினான்.

காரணம் அவன் தங்கச்சி மகன் அர்கென். பல வருஷம் ஏங்கிக் கிடந்து பெற்ற பிள்ளை. இப்போது தானாக எழுந்து நிற்கிறான். நிற்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கால் கயிறு அறுக்க வேண்டுமே! கறுப்புக் கம்பளியும் வெள்ளைக் கம்பளியும் சேர்த்து முறுக்கிய கயிற்றால் பிள்ளையின் இரண்டு காலையும் கட்டித் தாய் ஓரிடத்தில் நிறுத்துவாள். உறவுக்காரர்கள் தூரத்திலிருந்து ஓடி வருவார்கள். முதலில் பிள்ளையிடம் வந்து சேர்கிறவர் கையில் கத்தி. அவர் கயிற்றை அறுத்து, பிள்ளையின் கையைப் பிடித்து நடத்திவிடுவார். அறுத்தவரின் நடைதான் பிள்ளைக்கு வரும். இது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். அதனால்தான் துருதுருவென்று நடக்கிறவர்களை ஓடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். மந்தமாக நடக்கிறவர்களுக்கு ஒரு தட்டில் கறியை வைத்து ஓரமாக உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

குபாத் எத்தனையோ பேர் வீட்டு விசேஷத்துக்கு வண்டி நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு வீட்டிலாவது "நீயும் ஓடுப்பா" என்று யாரும் சொன்னதில்லை. அவனும் சிரித்துக்கொண்டே கறியைத் தின்றுவிட்டு வந்துவிடுவான். ஆனால் ஆசை இல்லையா? இருந்தது. மனுஷனுக்கு உள்ளுக்குள் அது ஒரு குறையாகவே இருந்தது. இப்போது சொந்தத் தங்கச்சி மகன். தாய்மாமன் நான் அறுக்காமல் வேறு எவன் அறுப்பது என்று அவனுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது. போதாததற்குத் தங்கச்சி மீரிம் வேறு போன் பண்ணி, பக்கத்தில் மாமியார் இருந்தாளோ என்னவோ, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னாள்: "எப்படியாவது வந்துடுண்ணே."

அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த 'எப்படியாவது' குபாத்தின் காதிலேயே நின்றுவிட்டது.

*

மீரிமின் மாமியார் குல்சுன் கோடைக்கு ஆடு மாடுகளோடு மலைமேல் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தாள். குபாத் விடிகாலையில் அங்கே போய்ச் சேர்ந்தபோது பால் ஊற்றிய தேநீரும் சுடச்சுடப் பொரித்த மாவுருண்டையும் தயாராக இருந்தன. கூடவே குல்சுனின் வாயும் தயாராக இருந்தது.

"வாங்க சம்பந்தி வீட்டுத் தம்பி! மினிபஸ்ஸை எங்க விட்டீங்க? ஏரி வரைக்கும் ஓட்டிக்கிட்டு வருவீங்கன்னுல்ல நெனச்சேன்."

"ரோடு போட்டாங்கன்னா வர்றேன் சம்பந்தியம்மா."

"ரோடு போட்டாலும் உங்க பாரத்துக்குத் தாங்கணுமே."

குல்சுனுக்குக் கொஞ்சம் பெருமை அதிகம். அவள் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் தாலாய், மீரிமின் புருஷன், கல்யாணமாகி மறு வருஷமே மாஸ்கோவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். வருஷத்துக்கு ஒரு தரம் எட்டிப் பார்ப்பான். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடித்தனம். சின்னவன் எர்மெக், மலையேற வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வழிகாட்டி. நீளக் கால், அதைவிட நீளமான நாக்கு. ஆனால் நல்ல பிள்ளை, மனசில் கள்ளம் கிடையாது.

"மச்சான், புது பூட்ஸா?" என்று எர்மெக் குனிந்து பார்த்தான். "எங்க வாங்குனீங்க? சொல்லுங்க, மேல போற வரைக்கும் அந்தக் கடைக்காரனைத் திட்டிக்கிட்டே நடக்கலாம்."

"நீ உன் காலைப் பாரு மாப்ளே."

"நான் பாக்கறதுக்குள்ள அது அங்க போயிடுது, என்ன செய்யறது!"

போட்டியை வழக்கம்போல மைதானத்தில் வைக்காமல் மலையில் வைக்கலாம் என்று சொன்னவனே எர்மெக்தான். கீழ் ஏரியில் தொடங்கி மேல் ஏரியில் முடியட்டும், அங்கே தண்ணீரோரம் கயிறு அறுப்போம், படம் நன்றாக வரும், அண்ணனுக்கு அனுப்பலாம் என்றான். குல்சுனுக்கும் அது பிடித்துப்போனது. ஓடப்போவது இரண்டே பேர், தகப்பன் பக்கத்துக்குச் சித்தப்பன், தாய் பக்கத்துக்கு மாமன். தேநீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் பஞ்சாயத்துக்காரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கேட்டுக்கங்க. குதிரையில மீரிம் பிள்ளையோட முன்னால போவா. பின்னால நீங்க ரெண்டு பேரும் நடந்து வரணும், குதிரை ஏறக் கூடாது. வழக்கம் தெரியுமில்ல? தாய் பிள்ளையை எங்க நிறுத்தறாளோ அதுதான் கோடு. பிள்ளைகிட்ட யார் முதல்ல வர்றாங்களோ அவங்க கையில கத்தி. அப்புறம் யாரும் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

மீரிம் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் முன்னால் அவள் அதிகம் பேசமாட்டாள். அந்தப் பக்கத்து மருமகள்கள் அப்படித்தான். கேட்டால் பதில், கேட்காவிட்டால் வேலை. அர்கென் மாமனைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினான். குபாத் தூக்கிக்கொண்டான். கொழுகொழுவென்று, வெண்ணெய் வாசனையோடு, தலையில் ஒரு கம்பளிக் குல்லாய். மாமனின் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருகினான்.

"டேய், மாமன் வந்துடறேன்டா. கொஞ்சம் பொறுத்துக்க, என்ன?" என்று குபாத் அவன் காதில் சொன்னான்.

*

கீழ் ஏரி வரைக்கும் எல்லோரும் சேர்ந்துதான் போனார்கள். அது சுலபமான வழி, புல்வெளி, நடுவில் ஓடை. வெயில் முதுகில் இதமாக ஏறியது. மலை அணில்கள் வளைக்கு மேலே நின்று சீட்டி அடித்துவிட்டு உள்ளே ஓடின. குபாத்துக்கு மூச்சு வாங்கியது உண்மைதான், ஆனால் மனசு நிறைவாக இருந்தது. அட, இத்தனை வருஷம் கண்ணாடி வழியாகவே பார்த்த மலை இது! பக்கத்தில் வந்தால் இப்படி மணக்கும் என்று யார் கண்டது? காட்டுத் துளசி மாதிரி ஒரு வாசனை, கூடவே ஈரக் கல்லின் வாசனை. ஏரியில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தான். பல் கூசியது. இன்னொரு கை அள்ளினான்.

மீரிம் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, சால்வையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிரையைத் தட்டினாள். போகும்போது அண்ணனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் குதிரைப் பாதையின் முதல் வளைவில் மறைந்துவிட்டாள். கொஞ்ச நேரம் விட்டு, குல்சுன் தன் கிழட்டுக் குதிரைமேல் இருந்தபடியே தலைத்துணியைக் கழற்றி வீசினாள். "கிளம்புங்க!"

எர்மெக் குதிரைப் பாதைப் பக்கமே போகவில்லை. கீழ் ஏரியிலிருந்து மேல் ஏரிக்கு நேராக ஒரு பாறைச் சரிவு ஏறுகிறது. வழிகாட்டிகள் மட்டும் ஏறுகிற குறுக்கு வழி. ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு கல். அவன் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டே போனான், போகிற போக்கில் பாட்டு வேறு.

"மச்சான்! மேல போய்த் தேநீர் போட்டு வைக்கறேன்! சர்க்கரை எத்தனை?"

குபாத் கையை மட்டும் ஆட்டினான். பேசினால் மூச்சு வீணாகும். அந்தக் கல்லிலெல்லாம் அவனால் ஏற முடியாது என்பது அவனுக்கே தெரியும். குதிரைப் பாதைதான் கதி. அது சுற்றிச் சுற்றிப் போய் நடு ஏரியைத் தொட்டு, அங்கிருந்து மேலே போகிற வழி. பாதித் தூரத்திலேயே தோற்றாகிவிட்டது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். இருந்தாலும் மனசு கேட்கிறதா? எர்மெக் வழியில் எவளாவது வெள்ளைக்காரியைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்க நின்றால் தனக்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைத்துக்கொண்டான். 'கடவுளே, இன்னைக்கு ஒரு அழகான வெள்ளைக்காரியை மலைக்கு அனுப்பு' என்று வேண்டிக்கொண்டான். பெண்டாட்டிக்குத் தெரிந்தால் அது வேறு கதை.

குல்சுன் அவன் கூடவே குதிரையில் வந்தாள். நியாயமாக நடக்கிறானா என்று பார்க்கத்தான் என்றாள். வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, ரெண்டு எட்டு வச்சா ஒரு தரம் நிக்கறீங்க. ஸ்டாப்பிங் வந்துடுச்சா? ஆள் ஏறணுமா?"

"ஏறுறவங்க ஏறட்டும் சம்பந்தியம்மா... நீங்க டிக்கெட் எடுத்தாச்சா?"

குல்சுன் சிரித்துவிட்டாள். இடுப்புப் பையிலிருந்து உப்புத் தயிர் உருண்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். "வாயில போட்டு ஒதுக்கிக்கங்க. தாகம் எடுக்காது." குபாத் போட்டுக்கொண்டான். புளிப்பும் உப்பும் நாக்கில் ஏற, கொஞ்சம் தெம்பு வந்தது.

"எங்க பிள்ளைங்க காலு அப்படித்தான்" என்றாள் குல்சுன், பாறைச் சரிவில் புள்ளியாகப் போய்க்கொண்டிருந்த எர்மெக்கைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே. "சும்மாவா? குதிரைப் பந்தயத்துல மூணு மாவட்டத்தையும் ஜெயிச்சவனைக் கூட்டிக்கிட்டு வந்துல்ல ரெண்டு பேருக்கும் கயிறு அறுக்க வச்சேன். ஒரு கிடா வெட்டிச் சோறு போட்டேன் அவனுக்கு. காத்து மாதிரிப் பசங்கன்னு ஊரே சொல்லும்."

"தெரியும். தாலாய் மாப்ளை பேசினாரா?"

"நேத்துப் பேசுனான். இந்த மாசமும் லீவு இல்லியாம்." அவள் குதிரையின் பிடரியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். "இவனுக்கும் கொரியாவுக்கு விசா வந்தாச்சு. அடுத்த மாசம் கிளம்பறான். ஏதோ கார் கம்பெனியில வேலையாம். போகட்டும், போகட்டும். வாலிபப் பய, இங்க கிடந்து என்ன செய்யப் போறான்?"

அதைச் சொல்லிவிட்டு அவள் பாறைச் சரிவில் அந்தப் புள்ளியை மறுபடி தேடினாள். குபாத்தின் குதிகாலைப் புது பூட்ஸ் கடித்தது. எர்மெக் சொன்னது சரி, அந்தக் கடைக்காரன் பாவி. ஓரமாக உட்கார்ந்துவிடலாம் என்று கால் கெஞ்சும்போதெல்லாம் தங்கச்சியின் 'எப்படியாவது' காதில் கேட்டது. சரி, தோற்றாலும் போய்ச் சேர்ந்து தோற்போம், வரவில்லை என்ற பேர் வேண்டாம் என்று நடந்தான். வராமல் இருப்பது அவன் பழக்கம் இல்லை. பனி கொட்டுகிற ஜனவரியில்கூட அவன் மினிபஸ் ஒரு நாள் வராமல் இருந்ததில்லை. லேட்டாக வரும். ஆனால் வரும்.

*

கடைசி வளைவில் ஏறியதும் நடு ஏரி தெரிந்தது. பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர், அந்தக் கரையில் இன்னும் கரையாத பனித் திட்டு, இந்தக் கரையில் மஞ்சள் பூ. பார்த்தவுடன் நின்றுவிடக்கூடிய இடம்தான். ஆனால் குபாத் பார்த்தது ஏரியை இல்லை. மீரிமின் குதிரை ஆளில்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

சேணம் காலி. மீரிமைக் காணோம், பிள்ளையைக் காணோம்.

விழுந்துவிட்டார்களா? குதிரை மிரண்டதா? ஐயோ, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறதே! "மீரிம்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். ஆமாம், குபாத் ஓடினான். நாற்பது வயசுக்கு மேல் ஆன ஆள், அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கல்லிலும் சேற்றிலும் விழுந்தடித்து ஓடினான். குல்லாய் எங்கே பறந்ததென்று தெரியாது. பின்னால் குல்சுன் குதிரையை விரட்ட முயன்றாள். அந்தக் கிழட்டுக் குதிரை சேற்றைக் கண்டதும் நின்றுவிட்டது.

குதிரைக்கு அப்பால் இருந்த பெரிய பாறையைச் சுற்றியதும் பார்த்தான். புல்லில் விரித்த சால்வை. அதன்மேல் மீரிம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால், பாறையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலும் கறுப்பு வெள்ளைக் கயிற்றால் கட்டப்பட்டு அர்கென் நின்றுகொண்டிருந்தான். மாமனைப் பார்த்ததும் பல் இரண்டும் தெரியச் சிரித்தான்.

குபாத் அப்படியே பிள்ளையின் முன்னால் பொத்தென்று விழுந்து உட்கார்ந்தான். மூச்சு வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "என்னம்மா... என்ன ஆச்சு... ஏன் இங்க..."

"ஒண்ணும் ஆகலைண்ணே" என்றாள் மீரிம். கையில் சின்னக் கத்தி. பிடியை அவன் பக்கம் திருப்பி நீட்டினாள். "நீதான் முதல்ல வந்தே. அறு."

அதற்குள் குல்சுன் இறங்கி வந்துவிட்டாள். சேற்றில் நடந்த கோபமும் சேர்ந்து முகம் கொதித்தது.

"இங்க என்னடி பண்றே? மேல் ஏரின்னு தானே பேச்சு? அங்க ஒருத்தன் மலை உச்சியில உக்காந்து காத்துக்கிட்டு இருப்பான், நீ இங்க கூடாரம் போட்டுட்டியா?"

"மேல் ஏரின்னு தம்பிதான் சொன்னாரு அத்தை" என்றாள் மீரிம். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "தாய் பிள்ளையை எங்க நிறுத்தறாளோ அதுதான் கோடுன்னு நீங்க சொன்னீங்க. நான் இங்க நிறுத்தினேன்."

குல்சுன் காலில் ஒட்டிய சேற்றை உதறினாள். சொன்னது அவளேதான்.

குபாத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முதலில் காதெல்லாம் சூடாகிவிட்டது. எத்தனை நாள் ஆசை! கத்தி நீட்டியபடி இருக்கிறது, பிள்ளை காலை உதைத்துக்கொண்டு காத்திருக்கிறான். ஆனாலும் அவன் கையை நீட்டவில்லை.

"வேணாம்மா. இது சரியில்ல. அந்தப் பையன் நேர்மையா ஏறியிருக்கான். நான் ஜெயிக்கல, நீ ஜெயிக்க வச்சே. பிள்ளை வாழ்க்கையில முதல் காரியம், அதுல இப்படி ஒரு குறுக்கு வேலை எதுக்கு? அவன் வரட்டும், அவனே அறுக்கட்டும். சித்தப்பன்தானே, அந்நியனா?"

"எனக்கு அவரு நடை வேணாம்ணே!"

அவள் அப்படிக் கத்துவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அர்கென்கூடத் திரும்பிப் பார்த்தான். மீரிமின் கண்ணிலிருந்து தாரையாக வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நம்ம அப்பாவும் வேகமா நடக்கறவருதான். நாம வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம், விறுவிறுன்னு போயிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் வரல. என் புருஷனும் வேகம்தான். கல்யாணம் பண்ணி எத்தனை நாள் ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கேன், சொல்லு? இவன் அப்பனை போன்ல பாத்துட்டு, போனை எடுத்து நக்கறான். எனக்கு இவனை எங்கயும் அனுப்பக் கூடாதுன்னு இல்ல. போகட்டும். ஆனா திரும்பி வரணும். நீ ஒரு நாளாவது சாயந்திரம் வீட்டுக்கு வராம இருந்திருக்கியா? அம்மா செத்தப்புறம் நான் இருட்டுல விளக்கை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். லேட்டானாலும் உன் வண்டிச் சத்தம் வந்துரும். எனக்கு அந்த நடைதான் வேணும். மெதுவா இருந்தா இருக்கட்டும். ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும்."

குபாத் குனிந்து புல்லைப் பிடுங்கினான். தன் நடையை ஒருத்தர் கேட்டு வாங்குவார்கள் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

குல்சுன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்: "இத்தனை நாளா இவ்வளவு பேச்சையும் எங்கடி வச்சிருந்தே?"

மீரிம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, அழாதே. பிள்ளை பயப்படுது. பையில மாவுருண்டை இருக்கு, எடு. அவன் வரட்டும். அவன் கண்ணு முன்னாலயே நடக்கட்டும்."

*

எர்மெக் வந்தபோது அவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். மேலேயிருந்து கல் உருளச் சறுக்கிக்கொண்டு இறங்கினான், முகம் வெளிறியிருந்தது.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன? மேல நான் கத்தறேன் கத்தறேன், மலைதான் திருப்பிக் கத்துது! குதிரையைக் காணோம், பிள்ளையைக் காணோம், உசுரே போயிடுச்சு எனக்கு!" எல்லோரும் முழுசாக இருப்பதைப் பார்த்தான். வாய் நிறைய மாவுருண்டையோடு இருந்த குபாத்தைப் பார்த்தான். "நான் முதல்ல போய்ச் சேர்ந்தாச்சு, தெரியுமில்ல?"

"ஏரிகிட்ட நீதான் முதல்ல போனே" என்றாள் குல்சுன். "பிள்ளைகிட்ட கடைசியா வந்திருக்கே. உங்க அண்ணி இங்கதான் நிறுத்தினா. உக்காரு."

எர்மெக்குக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் முதலில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மீரிம் பக்கம் திரும்பினான்.

"என் நடை வேணாமா அண்ணி?"

"கோவிச்சுக்காதீங்க தம்பி. உங்க சிரிப்பு வரட்டும், உங்க பாட்டு வரட்டும். நடை மட்டும் எங்கண்ணனோடது இருக்கட்டும்."

"கொரியா போனா நான் திரும்பி வரமாட்டேன்னு யாரு சொன்னா? ரெண்டே வருஷம். காசு சேர்த்துக்கிட்டு வந்து நிப்பேன் பாருங்க."

"உங்கண்ணனும் இதே வார்த்தையைத்தான்டா சொன்னான்" என்றாள் குல்சுன்.

எர்மெக் ஒரு மாவுருண்டையை எடுத்துக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய், அர்கெனுக்குப் பின்னால் மண்டியிட்டு, அவன் இரண்டு அக்குளையும் பிடித்துக்கொண்டான்.

"வாங்க மச்சான். நான் பிடிச்சுக்கறேன், நீங்க அறுங்க. பாத்து, கயித்தை அறுங்க, என் விரலை விட்டுருங்க. கொரியாவுல பத்து விரலும் கேப்பாங்க."

குபாத் மீரிமிடமிருந்து கத்தியை வாங்கிக் குனிந்தான். கம்பளிக் கயிறு முறுக்காக இருந்தது, ஒரே வெட்டில் போகவில்லை. குல்சுன் வாய்க்குள் ஆசீர்வாதம் சொன்னாள். மீரிம் புருஷனுக்கு அனுப்பப் போனில் படம் பிடித்தாள். கயிறு விட்டது. குபாத் பிள்ளையின் குட்டிக் கையைத் தன் பெருவிரலில் பிடிக்கவைத்து, பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு அடியாக நடத்தினான். இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று நடத்தினான்.

கொஞ்சம் போனதும் அர்கென் விரலை விட்டுவிட்டான். யாரும் பிடிக்காமல், நேரே தண்ணீரைப் பார்த்து நடந்தான். குபாத் பாய்ந்து பிடிக்கப்போனான். மீரிம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இருண்ணே."

தண்ணீரோரம் போய் அர்கென் நின்றான். ஒரு கால் நனைந்தது. சில்லென்றிருந்திருக்கும், தோளைக் குறுக்கிக்கொண்டான். அந்தப் பக்கத்துப் பனியைப் பார்த்தான். அப்புறம் திரும்பினான். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு ஆட்டம் அந்தப் பக்கம் ஒரு ஆட்டமாக, அவசரமே இல்லாமல் அவர்களிடம் வந்து சேர்ந்தான்.

"அடப் பாவி!" என்று குல்சுன் கத்தினாள். "நடைதான்டா கேட்டாங்க, தொப்பையையும் சேர்த்து வாங்கிட்டு வந்துட்டியே!"

எல்லோரும் சிரித்தார்கள். எர்மெக் புல்லில் புரண்டான். மீரிம் அழுகையும் சிரிப்புமாகப் பிள்ளையை வாரிக்கொண்டாள். குபாத் சிரிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இதைவிட நல்ல நாள் ஒன்று தன் ஆயுசில் இருந்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை.

சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தால், குல்சுன் புல்லில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அறுந்து விழுந்த கயிற்றுத் துண்டுகள். ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முனையோடு முனை சேர்த்து முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள்.

"எர்மெக், காலை நீட்டுடா."

"என்னம்மா நீ! எனக்கு இருபத்தஞ்சு வயசாச்சு."

"நீட்டுடா."

அவள் குரலில் ஏதோ இருந்தது. எர்மெக் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், சிரிப்பை விட்டான், உட்கார்ந்த இடத்திலேயே அந்த நீளக் கால் இரண்டையும் சேர்த்து நீட்டினான். குல்சுன் மண்டியிட்டு, சேறு படிந்த பூட்ஸுக்கு மேலே கயிற்றைச் சுற்றினாள். பிள்ளைக்கு முறுக்கிய கயிறு, நீளம் பற்றவில்லை. இழுத்துப் பிடித்து ஒரு முடிச்சு போட்டுவிட்டாள். அது அவிழாமல் இருக்க அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கூப்பிட்டாள்.

"தம்பி, கத்தியை எடுத்துக்கிட்டு வாங்க. இன்னொண்ணு இருக்கு."

குபாத் கத்தியை எடுத்தான். புல்லில் துடைத்தான். பிறகு தன் வழக்கப்படி மெதுவாகவே அவளிடம் நடந்து போனான்.